கூரை போடாத வீடு

1

என் தங்கை பூரணத்தின் படிப்பை நிறுத்தியவன் நான். உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாடசாலைக்குப் போனேன். அதிபரிடம் விடுகைப் பத்திரத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆய்வுகூடத்தில் நின்றவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது நான் பட்டதாரி ஆசிரியன். பெண்பிள்ளைகளைப் படிக்க விடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவனும் நானே.

இதற்காக ஒருவரும் என்னை ஏசவில்லை. ஊரே மெச்சியது. ஏன் மெச்சியது என்பதை எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். அந்த வீட்டைக் கட்டிக்கொடுப்பது தகப்பனின் கடமை. தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பிமாரின் கடமை. தங்கையைக் குடிவைக்காமல் அண்ணன் தன் கல்யாணத்தைப் பேசினால் ஊர் சிரிக்கும். வழக்கத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெண்களைப் பார்த்து எந்தப் புருஷனும் 'என் வீட்டை விட்டு வெளியே போ' என்று சொல்ல முடியாது. வெளியே போக வேண்டியவன் அவன்தான். ஆனால் இந்த வழக்கத்துக்கு ஒரு வால் உண்டு. கட்டி முடிந்த வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, விளக்கேற்ற ஒருத்தி வேண்டும். ஆகவே வீடு முடிந்தால் கல்யாணம். பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார். எங்கள் ஊர் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில். விஞ்ஞானம் படிப்பதென்றால் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கம் போக வேண்டும். அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவையைப் 'பாதை' என்போம். பூரணம் ஒவ்வொரு நாளும் பாதையில் போய், பாதையில் வந்தாள். அவளோடு சேர்ந்து தொடங்கிய பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொருவராக நின்றுவிட, கடைசியில் அவள் ஒருத்திதான் எங்கள் கரையிலிருந்து போனாள்.

அதே காலத்தில் எனக்குக் கமலாவைப் பேசியிருந்தார்கள். கமலாவின் தகப்பனார், ஆவணிக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். நான் பயந்துவிட்டேன். சம்பளத்தையும் கடனையும் போட்டு இரவு பகலாக வீட்டை முடித்தேன். பாதையில் பொழுதுபட வருவது குமர்ப்பிள்ளைக்கு நல்லதில்லை என்று அம்மாவிடம் ஒரு காரணம் சொன்னேன். அது பொய். எனக்கு என் கல்யாணத்துக்கு அவசரம். அவ்வளவுதான்.

அதிபர் நல்ல மனிதர். "அஞ்சு மாசம்தானே மாஸ்டர், பொறுக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"வீடு முடிஞ்சிட்டு சேர்" என்றேன்.

உடனே அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? நல்லது, நல்லது. எப்ப குடிபூரல்?" என்று புதுவீடு புகும் நாளைக் கேட்டுக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது பாதையில் கூட்டம் இல்லை. வெள்ளைச் சட்டையோடு நின்ற பூரணத்தின் கையில் மருந்து மணத்தது. அன்று கரப்பான்பூச்சி வெட்டியிருக்கிறாள். நடு வாவியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, என்னத்துக்கு நேரத்தோட கூட்டிப் போறீங்க? தட்டை மூடாம வந்திட்டன். எறும்பு ஏறிடும்."

"வீட்டில சொல்றன்" என்றேன்.

வீட்டில் அம்மாதான் சொன்னார். பூரணம் அழவில்லை. வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்து வைத்தாள். அடுத்த மாதம் கல்யாணம்.

2

நோர்வேக்கு வந்து நாற்பது வருடம் நிறைந்ததை என் மகள் சுதா ஞாபகம் வைத்திருந்தாள். நான் மறந்துபோனேன். இங்கே மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகப் பட்டணத்தில் இருக்கிறோம். வருடத்தில் பாதி நாள் மழை. காலையில் துறைமுகம் வரை நடப்பேன், வழியில் பாண் வாங்குவேன், எதிரே வருகிற கிழவர்களோடு மழையைப் பற்றிப் பேசுவேன். நாற்பது வருடத்தில் எனக்குத் தடங்கல் இல்லாமல் வருகிற நோர்வேஜியப் பேச்சு மழையைப் பற்றியதுதான். வைத்தியரிடம் போனால் நெஞ்சு நோவைச் சொல்லத் தொடங்கி, சொல் வராமல், மழையில் போய் முடிப்பேன். போன தடவை அவர் எனக்குக் குடை எழுதிக்கொடுக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை சுதா கேக்கோடு வந்தாள். அவளுடைய மகள் மாயாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் விளங்கும், பதில் நோர்வேஜியத்தில்தான் வரும். கேக் வெட்டும்போது சுதா மகளுக்குக் குடும்பக் கதை சொன்னாள். தாத்தா எப்படிப்பட்டவர் தெரியுமா, தகப்பன் இல்லாத தங்கச்சிக்குத் தன் உழைப்பில் வீடு கட்டிக்கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்து, அதற்குப் பிறகுதான் தான் முடித்தவர். இந்தக் கதையை எங்கள் வீட்டில் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையும் திருத்தியதில்லை.

மாயா கேக்கை விழுங்கிவிட்டு ஒன்று கேட்டாள். சுதா சிரித்தபடி மொழிபெயர்த்தாள்: "அந்தப் பூரணம் அம்மம்மாவுக்கு வீடு விருப்பமா இருந்ததாண்டு கேக்கிறாள் அப்பா. அவ வீடு வேணும் எண்டு கேட்டவவா எண்டு?"

"கேக் நல்லா இருக்கு" என்றேன்.

சுதா ஒரு பொறியியலாளர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பனியில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடசாலையில் விட்டவன் நான். ஒரு நாள்கூட அவள் படிப்பை மறித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். தங்கைக்குச் செய்ததையும் மகளுக்குச் செய்ததையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்துக் காட்டினாள்.

3

அந்தக் கிழமையே ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பூரணத்தின் மகள் மலர். மலர் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவள். ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள். புருஷன் வட்டையில் நெல் செய்கிறவன். அவர்களுடைய ஒரே மகள் கீர்த்தனா, எல்லோருக்கும் கீர்த்தி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள்.

கீர்த்திக்கு வீடு கட்டுவதற்கு மலர் குவைத்தில் உழைத்ததைப் போட்டாள். நான் தாய்மாமன் முறைக்கு என் பங்கை அனுப்பினேன். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கு நான் என்று முன்பே பேச்சு.

"மாமா, மேசன் கேக்கிறார், எப்ப கூரை போடுற எண்டு. மாப்பிள்ளப் பொடியன் கட்டார்ல இருந்து வைகாசியில லீவுல வாறாராம். அதுக்குள்ள குடிபூந்தா எல்லாம் ஒண்டா முடிச்சிடலாம்."

"கீர்த்திக்குப் பரீட்சை எப்ப?" என்று கேட்டேன்.

"அது வைகாசிக்குப் பிறகுதான். மறுகா எழுதினா எழுதட்டும் மாமா. வீடு முடிஞ்சா பூட்டிப்போடவா ஏலும்?"

என் சொந்த வாய், நாற்பத்தைந்து வருடம் கழித்து, மருமகளின் குரலில் வந்தது. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

பிறகு பூரணம் தொலைபேசியை வாங்கினாள். வழக்கமாக மழையா குளிரா என்று கேட்பாள், நான் மழை என்பேன், முடிந்துவிடும். அன்று படத்தில் வாழைமரம் ஆடியது. கிணற்றடிப் பக்கம் நடந்துபோகிறாள் என்று விளங்கியது. குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா. கூரை போடாதீங்க."

"என்ன?"

"புள்ள நல்லாப் படிக்குது. கூரை ஏறினா படிப்பு இறங்கிடும். உங்களுக்குத் தெரியாததா?"

அந்த விஷயத்தைப் பற்றி என் தங்கை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் உதவியும் அதுதான்.

"நான் மலரோட கதைக்கிறன்" என்றேன்.

"நான் கதைக்காததா? கதைச்சா சண்டைதான் வரும். என்னையும் குவைத்துக்கு அனுப்பிப் போட்டு இப்ப என்ட புள்ளைக்கு வீட்டையும் தடுக்கியளா எண்டு கேக்கிறாள். நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். உங்கட ஊர்க் கந்தோர் செய்யிற மாதிரிச் செய்யுங்க. நீங்க அந்த விறாந்தைக்கு அழுதீங்களே, அது மாதிரி."

கமலா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். கூரைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்றாள். கல்யாணம் முடித்த பெண்சாதிக்கே அன்றுதான் முழுவதையும் சொன்னேன். விடுகைப் பத்திரம், ஆவணி, அவளுடைய தகப்பனார் சொல்லி அனுப்பியது, எல்லாம்.

கமலா மேசையில் இருந்த கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா ஆவணி எண்டு சொன்னவர். நீங்க என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே. நான் ஒரு வருசம் இருந்திருப்பன். எனக்கு என்ன, மாப்பிள்ளைக்குப் பஞ்சமா?"

இரண்டு பெண்களுக்காகச் செய்தேன் என்று நினைத்திருந்த காரியத்தை, இருவரில் ஒருத்தியிடமும் கேட்காமல்தான் செய்திருக்கிறேன்.

4

விறாந்தைக் கதையை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் நோர்வே வீட்டின் பின்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு ஒரு விறாந்தை ஆக்க விரும்பி நகரசபைக் கந்தோருக்கு விண்ணப்பித்தேன். ஆறு கிழமையில் பதில் வந்தது: ஒரு படம் குறைகிறது. படம் அனுப்பினேன். அயல்வீட்டாரின் சம்மதம் குறைகிறது. சம்மதம் அனுப்பினேன். பனிப்பாரத்தைத் தாங்குமா என்கிற கணக்குக் குறைகிறது. ஒவ்வொரு கடிதமும் மிக மரியாதையாக இருக்கும். ஒன்றிலும் 'இல்லை' என்ற சொல் இருக்காது. இரண்டு மாரி அப்படியே போனது. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்ற வசனத்தை நான் நித்திரையிலும் சொன்னேன் என்று கமலா சொல்வாள்.

அந்தக் கல்வியை இப்போது பயன்படுத்தினேன்.

மலருக்கு முதலில் எழுதினேன்: மகள், கூரைக்கு முன் ஒரு படம் வேண்டும், மேசனிடம் கீறி வாங்கி அனுப்பு. அனுப்பினாள். நன்றி, கூரையைத் தாங்குகிற வளை எந்த மரம் என்று அதில் இல்லையே? பாலையா, வேம்பா? பாலை என்றாள். பாலை என்றால் பாரம் கூட, சுவர் தாங்குமா என்று கேட்டு எழுது. தாங்கும் என்று மேசனே தொலைபேசியில் வந்து கத்தினார். அப்படியானால் ஓடா, கொங்கிறீற்றா? ஓடு. எந்த ஓடு? இரண்டு ஓட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, நான் யோசிக்கிறேன்.

"மாமா, ரெண்டு ஓடும் ஒரே ஓடுதான்!"

"எனக்கு நிறம் வித்தியாசமாத் தெரியுது மகள்."

"ஒண்டு வெயில்ல கிடக்கு, ஒண்டு நிழல்ல கிடக்கு! ஒரு கூரைக்கு இவ்வளவு கடதாசியா? எங்கட பிரதேச சபை பரவாயில்ல போல!"

பின்னால் பூரணம் இருமுவது கேட்கும். அது இருமல் என்று மலர் நினைத்தாள்.

ஊரில் என் பெயர் ஓட்டையானது. நோர்வே மாஸ்டருக்குக் குளிரில் மூளை உறைந்துவிட்டது என்றார்கள். தங்கச்சிக்கு வீடு கட்டினவர் பேத்திக்குக் கூரை போடக் கைநடுங்குகிறார் என்றார்கள். கோயில் திருவிழாவில் ஒருவர் என்னை 'கூரை மாஸ்டர்' என்று சொல்ல, அது நிலைத்துவிட்டது. இதையெல்லாம் பூரணம் தொலைபேசியில் ஒன்றும் விடாமல் சொல்லுவாள். அவ்வளவு சந்தோஷத்தோடு அவள் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வீட்டை அவசரமாக முடித்துச் சம்பாதித்த நல்ல பெயரை, இன்னொரு வீட்டை முடிக்காமல் இழப்பது எனக்கும் பிடித்திருந்தது. வயதுபோன காலத்தில் இப்படி ஒரு விளையாட்டுக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கீர்த்தியோடும் இடைக்கிடை பேசினேன். அவளுக்கு விஷயம் தெரியும். "நோர்வே தாத்தா, இந்தக் கிழமை என்ன குறையுது?" என்று கேட்பாள். அவளுக்கு உயிரியலை முதலில் சொல்லிக்கொடுத்தது பூரணம் என்பதை அவளிடமிருந்துதான் அறிந்தேன். மீன் கழுவும்போது பூ என்று சொல்கிற செவுள், காற்றுப்பை, ஈரல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாளாம். நண்டை உடைத்தால் அதன் இதயம் எங்கே என்று காட்டாமல் சட்டியில் போடமாட்டாளாம். மலருக்கும் சின்ன வயதில் அப்படித்தான் காட்டினாளாம். ஆனால் சண்டையும் இடப்பெயர்வுமாக இருந்த காலத்தில், உழைக்கப் போகிற பிள்ளைக்கு மீனின் காற்றுப்பையால் ஒரு பயனும் இருக்கவில்லை. பூரணத்துக்கு ஒரு ஆசிரியை வேலை கிடைத்திருந்தால் மலர் குவைத்துக்குப் போயிருக்க மாட்டாள். ஒரு பிள்ளையை மறித்தால் ஒரு பிள்ளைதான் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது தலைமுறையாக நிற்கும்.

5

விளையாட்டு மாரிமழையோடு முடிந்தது.

மழை பிடித்துப் பத்தாம் நாள் மலர் படத்தோடு அழைத்தாள். கூரையில்லாத வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. சுவரில் பாதிவரைக்கும் கறுப்பாக ஊறியிருந்தது. அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

"மாமா, இந்தக் கல்லு ஒவ்வொண்டும் நான் அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவினது. உங்களுக்கு ஏலாட்டி ஏலா எண்டு சொல்லுங்க. மாப்பிள்ள வீட்டாக்கள் தாங்களே கூரை போடுறம் எண்டு சொல்றாங்க. நான் ஓம் எண்டு சொல்லப்போறன்."

அவர்கள் கூரை போட்டால் கல்யாணத் தேதியும் அவர்கள் சொல்கிறதுதான். வைகாசி. பரீட்சைக்கு முன்பு.

மீண்டும் நான் ஒரு பெண்ணிடம் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல், அவளுடைய வீட்டை வைத்து விளையாடியிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. முதல் தடவை முடித்து; இந்தத் தடவை முடிக்காமல். பூரணம் கேட்டதால் செய்தேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மலர் கேட்கவில்லையே.

"மகள், அம்மாவையும் கீர்த்தியையும் பக்கத்தில கூப்பிடு" என்றேன். மூவரும் நனைந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு குடைக்குக் கீழே நின்றார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடு நிறம் மாறித் தெரியவில்லை என்பதிலிருந்து தொடங்கிப் பின்பக்கமாகப் போய், பாதையில் மருந்து மணத்த கை வரைக்கும் சொன்னேன்.

மலர் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையா?"

"ஓம்" என்றாள் பூரணம்.

"அப்ப அண்ணன் கட்டின வீடு, அண்ணன் கட்டின வீடு எண்டு சொல்லிச் சொல்லி எங்களை வளத்தீங்களே?"

"வீடு அண்ணன் கட்டினதுதானே. அதில என்ன பொய்?"

மலர் ஊறிய சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்க படிச்சிருந்தா நான் பிறந்திருக்க மாட்டன். நான் பிறந்ததே பிழையா அம்மா?"

பூரணம் குடைக்குள்ளேயே மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"விசரி! நீ என்ன பிழை? உன்ட அப்பனையே கல்யாணம் முடிச்சிருப்பன். எனக்கு ஒரு அஞ்சு மாசம் வேணுமா இருந்திச்சு. அவ்வளவுதான். அந்த அஞ்சு மாசத்தை இந்தப் புள்ளைக்குக் குடு எண்டு கேக்கிறன்."

கீர்த்தி குடையைத் தாயின் பக்கம் சரித்துப் பிடித்தாள். "நான் கல்யாணமே வேணாம் எண்டு சொல்லல்ல அம்மா. வீடும் வேணாம் எண்டு சொல்லல்ல. என்ட வீடு. நான் வரும்வரைக்கும் அது நிக்கட்டும்."

மலர் தொலைபேசியை வைத்துவிட்டாள். இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. நான் துறைமுகம் வரைக்கும் நடந்தேன், எதிரே வந்த கிழவர்களோடு மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு குரல்செய்தி வந்தது. கமலாவும் நானும் மூன்று தடவை போட்டுக் கேட்டோம்.

"மாமா, கூரை வேணாம். மாப்பிள்ள வீட்டுக்கும் சொல்லிட்டன், சோதனை முடியட்டும் எண்டு. சுவரை மூட ஒரு நல்ல படங்கு வாங்கித் தாங்க. பெரிய படங்கு. அதுக்குப் படம் கீறி அனுப்ப ஏலா."

6

படங்கு என்றால் நெல் காயப்போட விரிக்கிற கனத்த விரிப்பு. நீல நிறம். அதைச் சுவருக்கு மேல் இழுத்துக் கட்டினார்கள். வீட்டில் ஒரு அறை நனையாமல் தப்பியது. கீர்த்தி அங்கே ஒரு மேசையைப் போட்டாள். பிறகு அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்தாள், பிறகு இன்னும் மூன்று பேர். கதவு இல்லாத வீடு. யாரும் தட்டத் தேவையில்லை. பூரணம் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் போய் இருந்துவிடுவாள். கட்டார் மாப்பிள்ளை வைகாசியில் வந்து, பொறுக்க முடியாமல், வேறு ஊரில் ஒரு முடிந்த வீடாகப் பார்த்துக் குடிபூந்துவிட்டார். நல்லாயிருக்கட்டும். நானும் பொறுக்க முடியாத ஒரு மாப்பிள்ளையாக இருந்தவன்தான்.

கீர்த்தி பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்தபோது, விவசாய பீடத்துக்குத் தெரிவானாள். டொக்டர் இல்லையா என்று ஊரில் சிலர் மூக்கைச் சுளித்தார்களாம். "வட்டையில நிக்கிற உங்கட நெல்லுக்கு வருத்தம் வந்தா எந்த டொக்டர் வருவார்?" என்று மலர் கேட்டாளாம். மலர்தான்.

இந்தத் தையில், வைத்தியர் மழையைத் தவிர வேறு குறை ஒன்றும் காணாததால், கமலாவும் நானும் ஊருக்குப் போனோம். பாதை இல்லை இப்போது; பாலத்தால் ஐந்து நிமிடத்தில் வாவியைக் கடந்துவிடலாம். கமலாவைப் பார்த்ததும் பூரணம், "மச்சாள், ஆவணி முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நான் போய் நீலப் படங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கேதான் மலர் ஒரு கதை சொன்னாள். பரீட்சை நாட்களில் பூரணமும் கீர்த்தியோடு பஸ்ஸில் போய், பாடசாலை வாசலுக்கு வெளியே மரத்தின் கீழ் இருந்தாளாம். கடைசி நாள் வாசலில் நின்ற உத்தியோகத்தர் கேட்டாராம், "அம்மா, நீங்க ஒவ்வொரு நாளும் யாருக்காக வாறீங்க?"

"சோதனைக்குத்தான் வந்தன் தம்பி. கொஞ்சம் பிந்திட்டன்" என்றாளாம்.

அவருக்கு விளங்கவில்லை. கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டாராம்.

திரும்பி வருவதற்கு முதல் நாள், அடுப்படியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வருடம் சொல்லாததைச் சொன்னேன். நான் செய்தது பெரிய பிழை, என்னை மன்னிப்பாயா என்று கேட்டேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "எழுத்தில தாங்க அண்ணா. பரிசீலிக்கிறன்."

ஆகவே நோர்வேக்கு வந்து இதை எழுதினேன். வாசிக்கிற நீங்கள் ஒரு அனுபவக் குறிப்பு என்று வாசித்திருப்பீர்கள். இது ஒரு விண்ணப்பம். முடித்ததும் தொலைபேசியில் பூரணத்துக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மலரும், விடுமுறைக்கு வந்திருந்த கீர்த்தியும் பக்கத்தில் இருந்தார்கள். விறாந்தைக் கதைக்கு மூவரும் சிரித்தார்கள். கரப்பான்பூச்சிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள் பூரணம். "ஆனா ஒண்டு குறையுது."

"என்ன குறையுது?"

"என்ட சுட்டெண்."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். நான் அவளைக் கூட்டி வருவதற்கு முன்பே பரீட்சை விண்ணப்பம் போய்விட்டதாம். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவளுடைய பெயரும் பரீட்சைச் சுட்டெண்ணும் போட்ட அனுமதி அட்டை வந்திருக்கிறது. அதிபர் அதைப் பாதைக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அட்டை ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. எண் போகவில்லை.

"சொல்லு" என்றேன். பேனையை எடுத்தேன்.

மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு இலக்கத்திலும் தடுக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதே எண்.

அதை இந்தக் குறிப்பின் முதல் தாளில், மேலே வலது மூலையில், பரீட்சைக்கு வந்தவர்கள் எழுதுகிற இடத்தில் எழுதியிருக்கிறேன்.